முன்வரிசைக் குரல்

கிள்ளான் சிவகுருநாதன் வாழ்நாளில் ஒரு வரி கவிதை எழுதியதில்லை. ஆனால் அவர் வராவிட்டால் பிரிக்பீல்ட்ஸ் கவியரங்கில் எந்தக் கவிஞருக்கும் கை கால் ஓடாது. நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், மாதம் ஒரு ஞாயிறு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து முன்வரிசை ஓர நாற்காலியில் உட்காருவார். ஒரு வரி பிடித்துவிட்டால் "மறுபடி!" என்று ஒரு குரல் கொடுப்பார். உடனே மண்டபம் முழுக்க "மறுபடி, மறுபடி" என்று கிளம்பும். கவிஞர் பூரித்துப்போய் அதே வரியை இன்னொரு முறை படிப்பார். பிடிக்காவிட்டால், படிப்பவர் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதராகவே இருந்தாலும் இவர் வாயில் கொழுக்கட்டைதான். இதனால் அவர்மேல் கடுப்பில் இருப்பவர்கள்கூட, மேடையேறியதும் முதலில் தேடுவது அந்த ஓர நாற்காலியைத்தான்.

பக்கத்து நாற்காலியில் இத்தனை வருஷம் சும்மா உட்கார்ந்திருந்த அவர் மனைவி கௌசலா, அறுபது வயதுக்குமேல் ஒரு கவிதை எழுதிவிட்டார். அதைப் படிக்கப் பெயரும் கொடுத்துவிட்டார்.

"நான் படிக்கிறப்ப நீங்க வாயே திறக்கக் கூடாது," என்று ரயிலிலேயே கறாராகச் சொன்னார். "பொண்டாட்டிக்குக் கூவுறாருன்னு சொல்வாங்க. நல்லா இருந்தா மத்தவங்க கேக்கட்டும். யாருமே கேக்கலன்னா இதோட விட்டுடறேன்."

"சரி லா," என்றார் சிவகுருநாதன். கவிதை சுமாராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தவருக்கு உள்ளூர நிம்மதிதான்.

கௌசலா மேடையேறி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். நடுவில் அது வந்தது:

"வீட்டுக்குள்ளிருந்து பாடினேன்.
தெருவில் போனவர் நின்றார்.
செருப்பு வார் அறுந்திருந்தது."

சிவகுருநாதனுக்குச் சிலிர்த்துவிட்டது. குரல் தொண்டைவரை வந்தது. கொடுத்த வாக்கை நினைத்து விழுங்கிக்கொண்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். கௌசலாவும் அந்த இடத்தில் சற்று நின்றார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மீதியை மடமடவென்று படித்து முடித்து இறங்கிவிட்டார். மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

தேநீர் வேளையில் கவிஞர் ராதாகிருஷ்ணன் மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அக்காவோட அந்தச் செருப்பு வரி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கேக்கலாம்னுதான் பார்த்தேன். நீங்களே கம்முனு இருந்தீங்களா, சரி, அதுல ஏதோ குறை போலன்னு விட்டுட்டேன்."

"நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்," என்றார் பக்கத்தில் நின்ற இன்னொரு கவிஞர் தங்கமணி.

சிவகுருநாதன் பாதி கடித்த கறிபாப் பலகாரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஆளாக ரசித்து ரசித்து, மண்டபத்தையே ஊமையாக்கி வைத்திருந்தது தான்தான் என்று புரிந்தபோது அவமானமாக இருந்தது.

திரும்பும் ரயிலில் கௌசலா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஷா ஆலம் தாண்டியதும் ராதாகிருஷ்ணன் சொன்னதைச் சிவகுருநாதன் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"அவங்கள்லாம் எனக்காகத்தான் காத்திருந்தாங்க, கௌசலா. நீ வேணாம்னு சொன்னியேன்னுதான் நான் பேசல."

"நான்தான் வேணாம்னேன். இல்லைங்கல." கௌசலா ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "ஆனா அந்த வரி வந்தப்ப, நான் வேற யாரையும் பார்க்கலைங்க. உங்களைத்தான் பார்த்தேன்."