அம்மா மெலிந்த வருடம்

எனக்கு ஒன்பது வயதான வருடம் அம்மா மெலிய வேண்டும் என்று முடிவெடுத்தார். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் மெலிந்ததில்லை. அப்பா கேமரன் மலைக்கும் ஈப்போவுக்கும் காய்கறி லாரி ஓட்டி, உட்கார்ந்தே பருத்தவர். நான் ஒரே பிள்ளை; மூன்று பிள்ளைகளுக்கு உரியதைத் தின்று வளர்ந்தேன். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, சமைத்து, எங்கள் தட்டுகளில் மிஞ்சியதையும் வீணாக்காமல் சாப்பிட்டு முடிப்பவர்.

அந்த வருடத் தொடக்கத்தில் அம்மா மாமாவோடு கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கோப்பெங்கில் டயர் கடையில் வேலை பார்த்தார். அவருக்குக் கிட்னி இரண்டும் கெட்டுப்போய்விட்டதால் வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான் என்பதால், பல் துலக்குவது போல அதுவும் ஒரு காரியம் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அம்மா குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டியை ஒட்டினார். மாலையில் அவர் நடக்கப் போன நாளுக்கு ஒரு கோடு போடுவது என் பொறுப்பு. சோறு பாதியானது. கோப்பியில் சீனி நின்றுபோனது. காலையில் அவர் வாயில் வைத்த ஓட்ஸைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ஏம்மா மெலியணும்?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு நல்லதுலா," என்றார். எதையும் கேலி செய்யும் அப்பா, இதை மட்டும் ஏனோ கேலி செய்யவில்லை.

எங்கள் தாமான் குடியிருப்பு சிம்பாங் பூலாய் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. பால்மரங்கள் எல்லாம் எப்போதோ போய், செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துத் திடலும் கோயிலும் மட்டும் மிச்சம். மாலை ஐந்தரைக்குத் திடலைச் சுற்றி ஆறு சுற்று. வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவார். டிவியில் நான் பார்க்கும் கார்ட்டூன் சரியாக அந்த நேரத்தில்தான் வரும். என் ஆத்திரம் எல்லாம் அதனால்தான்.

மூன்றாவது வாரம் ஒருநாள், தொழிற்சாலையில் கூடுதல் வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா, நான்காவது சுற்றில் கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"முடியலடி," என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போலாம்மா," என்றேன், மிகுந்த அக்கறையோடு.

கொஞ்ச நேரம் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டு, எழுந்து மீதி இரண்டு சுற்றையும் நடந்தார். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, பரிசு தருவதாகச் சொல்லவில்லை. பிறகு ஏன் நடக்கிறார் என்று யோசித்துக்கொண்டே பின்னால் போனேன்.

மெஷின் இல்லாத நாட்களில் மாமா மோட்டார் சைக்கிளில் வருவார். முன்கூடையில் சுடச்சுட பீசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜி இருக்கும், சில நாள் கடலையும் சீனியும் வைத்து மடித்த அப்பம் பாலேக்கும் இருக்கும். பையைப் பிரித்து அம்மாவின் முன்னால்தான் வைப்பார். "ஒண்ணே ஒண்ணு சாப்பிடுக்கா, ஒன்னும் ஆகாது." வாங்கிவந்தவர் ஒரு துண்டைக்கூடத் தொடமாட்டார், வாழைப்பழம் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். தான் சாப்பிட முடியாததைப் பிறருக்கு வாங்கித் தருகிற இந்த மனிதரைப் போல நல்லவர் பேராக் மாநிலத்திலேயே இல்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

முதல் நாள் அம்மா ஒன்று எடுத்தார். அடுத்த வாரம் நான்கு. அந்த மாதக் கடைசியில் கிளினிக்கில் எடை பார்த்தபோது, தராசு முள் பழைய இடத்திலேயே நின்றது. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஒரு பெரிய மனுஷி எடைக்காக அழுவதை நான் அன்றுதான் கேட்டேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அதன்பிறகு அவர் மாமா கொண்டுவரும் பையைத் திறந்தும் பார்க்கவில்லை. எல்லாம் எனக்கே வந்தது.

ஒரு வியாழக்கிழமை, அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் மாமா வந்துவிட்டார். அப்பா மாலை லாரிக்குக் கிளம்புவதற்காகக் குளித்துக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா நடக்காம இருந்தா நல்லாருக்கும்லா பாப்பா," என்றார்.

"அவங்க கேக்க மாட்டாங்க மாமா."

"சப்பாத்து இல்லாம எப்படி நடப்பாங்க?"

வழக்கமாக இப்படி ஏதாவது விளையாட்டுக்குக் கூப்பிட்டால் மாமா கண்ணடிப்பார். அன்று கண்ணடிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் கார்ட்டூன் பெரிதாகத் தெரிந்தது. ஓடிப்போய் அம்மாவின் நடைச் சப்பாத்துகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். கூடையில் மழைக்கோட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மாமா போய்விட்டார்.

அம்மா வந்து தேடினார். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினுக்குள்கூடப் பார்த்தார். நானும் சேர்ந்து தேடினேன். ஐந்தரை ஆனதும், "சரி வா," என்று ரப்பர் சிலிப்பரை மாட்டிக்கொண்டார். மழை பெய்து திடல் சொதசொதவென்று இருந்தது. மூன்றாவது சுற்றில் சிலிப்பரின் வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் வெறுங்காலோடு மீதியை நடந்தார். வீட்டுக்கு வந்து குழாயடியில் காலைக் கழுவியபோது, குதிகாலிலிருந்து இரத்தம் தண்ணீரோடு ஓடியது. பேனாவை எடுத்து நாட்காட்டியில் கோடு போடப் போனேன். கை வரவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. போனை எடுத்து, "சப்பாத்த எடுத்துக்கிட்டு இப்பவே வா," என்று மட்டும் சொன்னார்.

மாமா வந்தார். என்னை உள்ளே போகச் சொன்னார்கள். நான் ஜன்னலடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"உனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குக்கா. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஒன்னும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"நான் உன்கிட்ட கேட்டேனா? ஒரு வாட்டியாச்சும் கேட்டிருக்கேனா?"

"நீ கேக்க மாட்டடா. அது தெரிஞ்சிதான் நடக்குறேன்."

"எனக்கு மெஷின் இருக்கு. போதும்."

"எனக்குப் போதாதுலா."

எட்டிப் பார்த்தேன். மாமா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் தலையில் கை வைத்தபடி நின்றார். ஒரு ஜோடி சப்பாத்துக்காக இவ்வளவு பெரிய மனுஷன் அழுவாரா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

சனிக்கிழமை மாமா வெறுங்கையோடு வந்தார். பீசாங் கோரேங் இல்லாதது எனக்குப் பெரிய அடி. அம்மா, "நீயும் வாடா," என்றார். மாமா மூச்சு வாங்க ஒரு சுற்று நடந்தார். அதற்கடுத்த வாரம் ஒன்றரை.

விஷயத்தை அப்பா என்னிடம் சொன்னது ஐந்து வருடம் கழித்து. அம்மாவின் கிட்னி மாமாவுக்குப் பொருந்தும், ஆனால் இந்த எடையோடும் இரத்தத்தில் இந்தச் சீனியோடும் எடுக்க முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம். அக்காவை மெலியவிடாமல் பார்த்துக்கொண்டால் ஆப்பரேஷன் நடக்காமலே போய்விடும் என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று வாயால் சொல்லிப் பார்த்து, முடியாமல் போன பிறகுதான் வாழைப்பழத்தில் இறங்கினாராம்.

ஒன்பது வயதில் எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் வேறு. பள்ளி விடுமுறையில் என்னைப் பீடோரில் அத்தை வீட்டில் விட்டார்கள். மாமாவுக்கு ஆப்பரேஷன், அம்மா துணைக்குப் போகிறார் என்றார்கள். திரும்பி வந்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கியதால் இருக்கும் என்று நினைத்தேன். மாமா மெஷினுக்குப் போவது நின்றது. இன்றைக்கு அவருக்கு இரண்டு பிள்ளைகள். டயர் கடையும் அவருடையதாகிவிட்டது.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலை அம்மா மறுபடி, "வா, நடக்கப் போலாம்," என்றார். எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதான் மெலிஞ்சாச்சே, இன்னும் எதுக்கும்மா?"

அம்மா சிரித்தார். "இருக்குறது ஒண்ணுதானே பாப்பா. அத நல்லபடியா வச்சிக்கணும்லா."

அந்த வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறு சுற்றையும் ஒருமுறைகூட முணுமுணுக்காமல் நடந்து முடித்தேன்.