மச்சினன் வைத்த டைமிங்

ஆறுமுகநேரி உப்பளத்தில் நான் வேலை பார்க்கும் இடத்தில் பாத்திக்குத் தண்ணீர் இறைப்பது ஒரு பழைய டிராக்டரின் இன்ஜின். டிராக்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் குடிக்கும் இன்ஜின் மட்டும் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து பம்பை இழுக்கிறது. அதைச் சுற்றிவிடும் கைப்பிடி என்னிடம்தான் இருக்கும். வேறு ஆள் தொட்டால் உதைக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்தக் கோடையில் அது என்னையே உதைத்தது. பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பிசகிவிட்டது. சக்கரத்தில் பிஸ்டனின் உச்சியைக் காட்டும் அடையாளக் கோட்டை உப்புத் துரு தின்றுவிட்டதால், குத்துமதிப்பாக வைத்து வைத்துப் பார்த்தேன். இருமியதே தவிர எழவில்லை. அளத்து முதலாளி அண்ணாச்சி, துபாயிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சினனுக்கு ஆள் அனுப்பிவிட்டார். "அவன் ஓட்டிக் காட்டினாம்னா கைப்பிடி அவன்கிட்டயே இருக்கட்டும்வே" என்று என்னிடமே சொன்னார்.

வந்தான், வெள்ளைச் சட்டையோடு. பின்னாலேயே என் மனைவி தூக்குவாளியில் பதநீரோடு வந்தாள். எனக்கு ஒருநாளும் அளத்துக்குப் பதநீர் வந்ததில்லை.

பிளக்கைக் கழற்றி, ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, என்னைச் சக்கரத்தைச் சுற்றச் சொன்னான். உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளியதும் ஒரு பனை ஈர்க்கை ஓட்டைக்குள் விட்டான். ஈர்க்கு மெல்ல ஏறி நின்றது. பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. கோடு போனால் என்ன, ஈர்க்கு இருக்கிறதே. இது எனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது.

"அத்தான், பாயிண்டுக்கு நடுவுல இந்தத் தாளைப் புடிங்க. நான் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புதேன். தாள் லேசாகுத நேரம் சொல்லுங்க."

பீடிக்கட்டில் உரித்த மெல்லிய தாள். பாயிண்ட் திறந்தால் தாள் விடுபடும். பொறி விழுவதும் அப்போதுதான். நான் கொஞ்சம் பிந்திச் சொன்னால் போதும், அவன் கூடுதலாகத் திருப்பிவிடுவான், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே பொறி முந்தி விழும். கைப்பிடி அவனை உதைத்துத் தள்ளும், அண்ணாச்சி கண் முன்னால். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்பார்களே, அந்த மூக்கு என் முகத்தில் அரித்தது.

தாள் நழுவியது. "இப்ப" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த இன்ஜினிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. மனைவி செல்போனில் தம்பியைப் படம் பிடித்தாள். தாள் பிடித்த என் விரல்கூட அதில் இல்லை. கைப்பிடி அவன் கைக்குப் போனது.

"மாப்ள, லீவு எப்ப முடியுது?" என்றேன்.

"வந்த புள்ளைய இப்படியா வெரட்டுவிய" என்றாள் மனைவி.

"வெரட்டல ஏளா. டிக்கெட் போட்டாச்சான்னுதான் கேக்கேன்."