அரைப்படம்

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணினி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து புரோகிராம் எழுதும் அவளுக்கு மேலாளர் வைத்த பெயர் அரைப்படம். வாசல் காவலாளி வரைக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

தினமும் காலையில், வேலை தொடங்குமுன், ஃபிட்டர் ஒவ்வொரு மெஷினையும் கம்பெனி போனில் படம் எடுத்து அனுப்புவார். படத்தை அப்படியே பைட்டுகளாக டேட்டாபேஸுக்குள் வைப்பது இவள் புரோகிராமின் வேலை. முதலில் பைட்டுகளை எழுத்துபோல, டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் உத்தரவுக்குள்ளேயே ஒட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு மேற்கோள் குறி வந்தாலே எல்லாம் குப்புற விழுந்தது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை விட்டு, பைட்டுகளைத் தனியாகக் கொடுத்ததும் சமர்த்தாக உள்ளே போயின. ஆனால் படத்துக்கு அவள் ஒதுக்கிய கட்டம் சின்னது. அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் பைட்டுக்கு மேல் வந்ததைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. கூட்டத்தில் பெரிய திரையில் திறந்தால் மேல்பாதி மெஷின், கீழ்பாதி வெறும் சாம்பல்.

"என்னம்மா, மீதிப் படத்த நீயே தின்னுட்டியா?" என்றார் மேலாளர். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றோடு அவள் பெயர் அரைப்படம் ஆனது.

அன்றே கட்டத்தைப் பெரிதாக்கினாள். யார் பார்த்தார்கள்? "படத்த யாராவது டேட்டாபேஸ் டேபிள்ல வெப்பாங்களா? ஃபோல்டர்ல போடு. டேபிள்ல அது இருக்கற இடத்த மட்டும் எழுது" என்று மேலாளரிடமிருந்து உத்தரவு வந்தது. யோசனை ஒன்றும் தப்பில்லை, பலரும் செய்வதுதான். ஆனால் அதைச் சொன்னது அந்த வாயாயிற்றே! ஃபோல்டரில் போட்டாள். டேபிளுக்குள் போவதையும் நிறுத்தவில்லை. ரோஷம், வேறென்ன.

இரண்டு வருடம் கழித்து, அதே தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிய அவள் அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கையை மறைக்கும் இரும்புத் தடுப்பு மெஷினில் இல்லை.

"அவனே கழட்டி வெச்சுட்டு ஓட்டியிருக்கான்" என்று மேலாளர் பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டார். தான் வரும்போதே தடுப்பு இல்லை, ஓட்டச் சொல்லிச் சீட்டு ஒட்டியிருந்தது என்று அண்ணன் தலையால் அடித்துக்கொண்டு சொன்னான். சீட்டைக் காணோம். ஃபிட்டர் பயந்து வாயே திறக்கவில்லை. மூன்று வாரத்தில் விசாரணை. பழி நிலைத்தால் வேலை போய்விடும். அந்தப் பெயரோடு வேறு எவனும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டான்.

மறுநாளே அவள் தேடினாள். போனில் படம் இல்லை. ஃபோல்டரில் அந்தத் தேதியே காலி. மேலாளர் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார். டேபிளுக்குள் பார்த்தாள். படம் குத்துக்கல்லாட்டம் இருந்தது. எடுத்த நேரம் காலை ஏழு பத்து. அண்ணன் வேலைக்கு வந்ததே எட்டு மணிக்கு. தடுப்பு இல்லாத பிரஸ். அடியில், சுவிட்சுக்குக் கீழே ஒரு சீட்டு: 'தடுப்பு பழுதுக்குப் போயிருக்கிறது. இன்று இப்படியே ஓட்டவும்.' கீழே மேலாளரின் கையெழுத்து.

வேறு யாராவது என்றால் அப்போதே எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. இப்போது காட்டினால் "அடடா, மறந்தே போச்சு" என்று ஆள் நழுவிவிடுவார். எல்லார் முன்னாலும் பொய் சொல்லட்டும், அப்புறம் இருக்கு கச்சேரி என்று கறுவிக்கொண்டாள். வீட்டில் அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தான். அண்ணி குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"ஏதாவது கெடைச்சுதா?" என்று தினமும் கேட்பான்.

"தேடிட்டுதான் இருக்கேண்ணா" என்பாள். கூடப்பிறந்தவனிடமே!

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். "அன்னிக்குப் போன் ரிப்பேர்ங்க. படமே எடுக்கல" என்றார் மேலாளர், கண்ணிமைக்காமல். எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் பேனாவை மூடும்வரை காத்திருந்து அவள் எழுந்தாள்.

பெரிய திரையில் படம் வந்தது. பிரஸ், சுவிட்சு, சீட்டு, கையெழுத்து.

"மீதிய நான் திங்கல சார். கடைசி வரைக்கும் இருக்கு, நல்லா பாத்துக்கோங்க."

அந்த அம்மாள் மேசையில் இருந்த காகிதத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நீங்க வெளிய இருங்க" என்றார் மேலாளரிடம். அவர் தடுமாறி எழுந்ததை அவள் ஆசைதீரப் பார்த்தாள். இரண்டு வருட எரிச்சல் அடங்கியது.

வாசலில் அண்ணன் கேட்டான்: "இது எப்ப கெடைச்சுது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வெரல் போன மறுநாளே. அந்தாளு பொய்யில கையெழுத்துப் போடணும்னு காத்திருந்தேண்ணா."

அவன் அவளையே பார்த்தான். "அந்தச் சீட்ட நெஜமாவே பாத்தேனா, இல்ல நானே கழட்டிட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மூணு வாரமா என்னையே நான் நம்பல. தெரியுமா உனக்கு?"

சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.