அம்மாவைப் பார்க்க வந்தவர்கள்

அந்த வைகாசி மாதத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். "தலமுடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி நான் கெடந்தேன், உனக்கு ஏக்கம் கேக்குதா?" என்பாள். நியாயம்தான். ஆனாலும் சென்னை அறையில் தனியாகச் சாப்பிடும்போதெல்லாம் மனசு அந்த வீட்டுக்குத்தான் ஓடுகிறது.

அம்மாவுக்கு மார்பில் இருந்த கட்டியை எடுத்தபின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் கீமோ ஆரம்பித்தார்கள். சில வாரங்களுக்கு ஒரு முறை போய் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பில் ஒரு பக்கம் மீட்டிங், இன்னொரு பக்கம் வெள்ளை அணுக்களைப் பற்றிய கட்டுரை. எல்லாம் படித்தாயிற்று என்று நினைப்பு. நான் படித்த எதிலும் எங்கள் ஊர் ஜனங்கள் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் 'பார்க்க' வந்தாக வேண்டும். வராவிட்டால், எத்தனையோ வருஷம் கழித்து ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே வந்தார்கள். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் பன்னுமாக வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னத்தைத் தடவினார்கள், திருநீறு பூசினார்கள். சீர்காழியிலிருந்து வந்த பெரியம்மா, அம்மாவின் சொந்த அக்கா, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். மூக்கு ஒழுகியதற்கு அழுகை மட்டும் காரணம் இல்லை, நல்ல ஜலதோஷம்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாவது டிரிப்ஸ் தள்ளிப்போனது.

அங்கே கீமோ பிரிவில் ஒரு நர்ஸ் இருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். நோயாளியிடம் பேசும்போதே பக்கத்தில் நிற்பவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

"யாரு வந்து பாத்தாங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும்" என்றார் அப்பா.

"எல்லாரும்னா?"

"ஊரு, சிஸ்டர்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. மருந்து ஏறிய கொஞ்ச நாளில் வெள்ளை அணு குறைந்துவிடும், அப்போது சாதாரணச் சளிகூட உள்ளே புகுந்து ஆட்டிவைக்கும் என்று விளக்கினார். "இப்ப ரெண்டாவது தள்ளிப்போயிருச்சு. இப்படியே தள்ளிக்கிட்டுப் போனா மருந்தோட பலன் கொறையும். மூணாவது டிரிப்ஸ் சொன்ன தேதிக்கு நடக்கணும். அது உங்க கையிலதான் இருக்கு. உடம்பு கொஞ்சம் சுட்டாலும் நீங்களா மாத்திரை போட்டு அடக்காதீங்க, எனக்கு ஃபோன் அடிங்க."

இரண்டாவது டிரிப்ஸ் ஒருவழியாக முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் களத்தில் இறங்கினேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, அம்பு போட்டு, ஏன் வரக்கூடாது என்று விளக்கமாக எழுதினேன். கும்பிடு கும்பிடாகப் பதில் வந்தது. கூடவே, "சரிம்மா, நாளைக்கு வந்து பாத்துட்டுப் போறோம்."

மறுநாள் காலை பார்த்தால், அப்பா வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அம்மை போட்டிருக்கும் வீட்டின் அடையாளம் அது. வாசலில் வேப்பிலை தொங்கினால் ஒருவரும் உள்ளே வர மாட்டார்கள், ஏன் என்றும் கேட்க மாட்டார்கள், கோபமும் கொள்ள மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். என் அத்தனை அம்புக்குறிகளும் சாதிக்காததை ஒரு கொத்து இலை சாதித்தது. எனக்கு ஒரே குஷி. உடனே சிஸ்டருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"வேப்பிலையா!" என்றார். "வாசலோட இருக்கட்டும், அம்மா படுத்திருக்கிற ரூமுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. ஆமா, அம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஏங்குவது அதற்குப் பிந்தைய நாட்களுக்குத்தான். வீடே அமைதியாகிவிட்டது. அப்பா நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு இட்லி ஊற்றுவார். முதல் ஈடு களி, இரண்டாவது கல். அம்மா படுத்தபடியே, "மாவுல தண்ணி ஊத்துங்கன்னா காவேரியவா தொறந்து விடுவாங்க?" என்பாள். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் அம்மா வாய் கொப்பளிக்க வேண்டும். துணைக்கு நானும் அப்பாவும் பக்கத்தில் நின்று கொப்பளிப்போம். யார் அதிக நேரம் என்று போட்டி. சிரிப்பு வந்து மூன்று பேரும் துப்புவோம். பிறகு அப்பா அம்மாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துவிடுவார். அவர்கள் இருவரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கல்யாணமான புதிதில் திருப்பனந்தாள் போகிற பஸ்ஸில் அப்பா அம்மாவை மறந்துவிட்டு, தான் மட்டும் இறங்கிய கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

சாயங்காலமானால் சிஸ்டர் கூப்பிடுவார். காய்ச்சல் இல்லையே, புண் எப்படி, வயிறு எப்படி என்று விசாரித்துவிட்டுக் கடைசியில், "அப்பா சாப்பிட்டாரா?" என்பார். அப்பா தூரத்திலிருந்து, சாப்பிட்டேன் என்று சொல்லு என்பதுபோலக் கையாட்டுவார்.

"சாப்பிட்டார் சிஸ்டர்."

"நீ இழுக்கிறதுலயே தெரியுது. ஃபோன அவருகிட்ட குடு."

ஒருநாள் எதிர்வீட்டு அத்தை கேட்டுக்கு வெளியே இளநீரை வைத்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "ஏம்மா, ஆத்தா எறங்கிட்டாளா? எப்ப தலைக்குத் தண்ணி ஊத்தப் போறீங்க? எங்க வீட்ல தாளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? எம் பேரன் குழம்பப் பாத்தாலே தட்டத் தள்ளிவிடறான்."

அம்மை போட்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். எண்ணெயில் கடுகு வெடித்து வரும் நெடி ஆத்தாவுக்கு ஆகாது என்பார்கள். எங்களுக்காக எதிர்வீட்டிலும் அடுப்பில் வாணலி ஏறவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜன்னல் வழியாக அம்மாவும் கேட்டுவிட்டாள்.

"ஆத்தாவா? எந்த ஆத்தா?"

அப்பா தலையைச் சொறிந்தபடி சொல்லி முடித்தார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "ஆத்தா பேரச் சொல்லி ஊர ஏமாத்தி, எதிர்வீட்டுப் புள்ள வாயக் கட்டிப் போட்டிருக்கீங்க. எனக்காக! மொதல்ல அத அவுங்க."

"அவுத்தா எல்லாரும் உள்ள வந்துருவாங்களே" என்றார் அப்பா. "மறுபடியும் காய்ச்சல் வந்து, மூணாவதும் தள்ளிப்போயிட்டா?"

"போகாது. வாயத் தொறந்து நேரா சொல்லுங்க."

நேராகச் சொல்லித்தானே கும்பிடு வாங்கினேன்! பதறிப்போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆளே வேணாம்னு நான் எப்ப சொன்னேன்? கட்டில்கிட்டதான் வேணாம். பாக்க வர்றவங்களுக்குக் கையில ஒரு வேலையக் குடு. வேலை இல்லாமத்தான் கட்டில்ல உக்காந்து கையப் பிடிக்கிறாங்க. சரி, உங்க சொந்தத்துல யாரு பேச்சுக்கு எல்லாரும் அடங்குவாங்க?" என்று கேட்டார்.

"பெரியம்மா பேச்சுக்கு."

"அவங்க நம்பர அனுப்பு."

என்ன பேசினாரோ தெரியாது. ஜலதோஷமெல்லாம் தீர்ந்து பெரியம்மா பையோடு வந்து இறங்கினாள். வேப்பிலையை அவிழ்த்துவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாளியும் சோப்பும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். அவளைத் தாண்டி ஒரு ஈ போகவில்லை.

"வாங்க, வாங்க. கையக் கழுவுங்க. அந்த ஜன்னல்கிட்ட தள்ளி நின்னு பேசலாம். எங்க, ஒருதரம் இருமுங்க பாப்போம்."

"என்ன ஆச்சி, எனக்கே பரிச்சையா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"கூடப் பொறந்தவ எனக்கே இதான் சட்டம். தம்பி, நாத்தங்காலுக்கு மோட்டார் போட்டுட்டு வர்றியா? எந் தங்கச்சி வீட்டுக்காரரு ரெண்டு நாளாக் கண்ணசரல."

போனார்கள். முணுமுணுத்துக்கொண்டே என்றாலும் போனார்கள். ஒருவர் மோட்டார் போட்டார், ஒருவர் கொதிக்கக் கொதிக்க ரசம் கொண்டுவந்தார். அப்பா பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினார். அம்மா ஜன்னலுக்கு உள்ளே, வந்தவர்கள் முற்றத்தில். காதோடு சொல்ல வேண்டிய சங்கதிகளையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததால் தெருவுக்கே பொழுது நன்றாகப் போனது.

எதிர்வீட்டு அத்தையிடம் அம்மாவே உண்மையைச் சொன்னாள். அத்தை எங்கள் வாசலின் வெறும் நிலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "ஆத்தாகிட்ட நீங்களே கணக்குத் தீத்துக்கங்க. நான் போய் வாணலிய வைக்கறேன்" என்று போனாள். அந்த நெடி தெருவைத் தாண்டி வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவது டிரிப்ஸுக்கான தேதி வந்தது. தஞ்சாவூரில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வராந்தாவில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ரிசல்ட்டோடு சிஸ்டர் வருவது தெரிந்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"போடலாம்" என்றார் சிஸ்டர்.

அம்மா கையில் ஊசியைப் பொருத்தி, மருந்து சொட்டத் தொடங்கியதும் அப்பா வழக்கம்போல ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். சிஸ்டர் அவர் தோளைத் தட்டினார். "இது முடிய சாயங்காலம் ஆயிரும். கேன்டீன்ல சாப்பாடு ரெடியா இருக்கும். போய் ஒழுங்கா சாப்பிட்டுட்டு வாங்க. இங்க நான் இருக்கேன்."

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"போங்க" என்றாள் அம்மா. "நான் எங்க போயிடப் போறேன்?"