இரவல் போன உருளி

"…அதனால திருடினான்னு மட்டும் சொல்லாதேங்கோ. பூட்டை ஒடைச்சானா, சொவரைத் துளைச்சானா? மச்சிலேர்ந்து எறக்கி, புளி போட்டுத் தேச்சு, நான்னா எடுத்துக் குடுத்தேன்."

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், ஒரு பழைய பாத்திரக் கடை வாசலில் நின்றுகொண்டு எங்கள் அடுத்த வீட்டு மாமி போலீஸ்காரரிடம் சொன்னது இது. அவள் காலடியில் அவளுடைய வெண்கல உருளி. எதிரே, அதை ஏமாற்றி வாங்கிக்கொண்டு போன ஆள். அவன் ஓடிவிடாமல் மூட்டை சுமப்பவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்திருந்தார்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அதிகம். எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பெரிய பாத்திரங்கள் வீடு வீடாக இரவல் போகும். விருந்துச் சமையல்காரரைத் தேகண்டக்காரர் என்போம். அவர் அனுப்பியதாக யார் வந்து சொன்னாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நீ யார், எந்த ஊர் என்று கேட்டால் மரியாதைக் குறைவு. ஒன்றே ஒன்றுதான் முறை: போன பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. அடியில் கொஞ்சம் பாயசமாவது, ஒரு துண்டு வெல்லமாவது இருக்க வேண்டும்.

மாமியின் உருளி பிறந்த வீட்டில் கொடுத்தது. ஒரு காதில் ஒட்டுப் போட்டிருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். "அது என் மூத்த பொண்ணாக்கும்" என்பாள். நிஜமான பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தங்கை கல்யாணத்துப் பாயசம் அக்காவில்தான் கொதிக்க வேண்டும் என்பது அவள் தீர்மானம்.

அந்த ஆள் வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தான். பேச்சு அச்சாக எங்கள் பேச்சு. அரண்மனைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சீமந்தம், தேகண்டக்காரர் அனுப்பினார் என்றான். மாமி முதலில் நடுத்தர உருளி ஒன்றைத்தான் எடுத்து வைத்தாள். அவன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஏன் மாமி, இது குழந்தைக்குச் சோறூட்டற உருளியா?"

அங்கேதான் அவள் விழுந்தாள். அவள் வீட்டுப் பாத்திரத்தைச் சின்னது என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. உடனே மச்சிலிருந்து மூத்த பெண் இறங்கினாள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் பளபளவென்று ஆனாள். அதுவரை அவன் உட்கார்ந்து மோர் குடித்தான். இன்னொரு தரமும் கேட்டு வாங்கிக் குடித்தான். கைவண்டியில் ஏற்ற ஒரு காதைப் பிடித்தவன் நான்.

மாமி பாயசத்துக்கு ஒரு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தாள். பாயசமும் வரவில்லை, உருளியும் வரவில்லை. பெண்ணின் கல்யாணச் சமையலைப் பற்றிப் பேசத் தேகண்டக்காரர் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அவர் யாரையும் அனுப்பவே இல்லை. அரண்மனைக்கு அந்தப் பக்கம் சீமந்தமும் இல்லை.

மாமா விடுவாரா? "நல்ல காலம், வந்தவன் என்னைக் கேக்கலை. கேட்டிருந்தா என்னையும் புளி போட்டுத் தேச்சு வண்டியிலே ஏத்தியிருப்பாள்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். மாமியும் சிரித்தாள். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. என் அம்மாவிடம் மட்டும் சொன்னாளாம்: "உருளி போனாப் போறது. இனிமே ஆராவது வந்து கேட்டா, தரதுக்கு மின்னாடி மூஞ்சியைப் பாக்கத் தோணுமே. அதுதான் சங்கடம்."

மறுநாள் கிடங்குக்குப் போகும் வழியில் அந்தப் பழைய பாத்திரக் கடையில் ஒட்டுப் போட்ட காதைப் பார்த்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர். விலை படியாமல் ஒருவன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், உச்சிக்கு வருவான் என்றார். நான் ஓடிப்போய் மாமியையும் மாமாவையும் அழைத்து வந்தேன். சொன்னபடியே அவனும் வந்தான். பிடித்தார்கள். கூட்டத்தைப் பார்த்துப் போலீஸ்காரரும் வந்தார்.

அவர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். திருட்டுச் சாமான் ஸ்டேஷனுக்கு வர வேண்டும், வழக்கு முடிகிறவரை அங்கேதான் இருக்கும். கல்யாணம் அடுத்த வாரம் என்று மாமா கெஞ்சியும் அவர் அசையவில்லை. பிடிபட்டவன் தலையைக் குனிந்தபடி, "சின்ன உருளியையே எடுத்துண்டு போயிருக்கலாம். இதைத் தூக்கியே இடுப்பு போச்சு மாமி" என்று முனகினான். மூட்டைக்காரர்களே சிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் மாமி, திருடினான் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்லி வாங்கினாலும் கேஸ்தான் அம்மா என்றார். திருட்டு இல்லையென்றால் இது பின்னே என்ன என்று கேட்டார்.

மாமி பக்கத்துப் பலசரக்குக் கடைக்குள் போனாள். ஒரு துண்டு வெல்லத்தோடு வந்தாள். அதை உருளிக்குள் அடியில் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து ஒட்டுப் போட்ட காதைத் தான் பிடித்தாள். மற்றக் காதைப் பிடிக்கச் சொல்லி அவனுக்குக் கண்ணைக் காட்டினாள்.