ஜெர்மன் ஸ்பானர் வென்ற ஞாயிற்றுக்கிழமை

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் காணியிலோ கோயிலிலோ எந்தச் சண்டையும் இல்லை. ஸ்பானரில்தான் சண்டை.

அண்ணன் கட்டாரிலிருந்து திரும்பி வரும்போது ஒரு பெட்டி நிறைய ஜெர்மன் ஸ்பானர்கள் கொண்டுவந்தார். பெட்டி அவ்வளவு கனம் என்பதால் அண்ணிக்கு ஒரு சென்ட் போத்தல் மட்டும் வந்தது. என் கணவர் தன்னுடைய செட்டைச் செங்கலடிச் சந்தையில் வாங்கினார். சீனத்துச் சாமான். சிவப்புத் தகரப்பெட்டி, உள்ளே ஸ்பானர், குறடு, சுத்தியல், இனாமாக ஒரு டோர்ச் லைற். கட்டாரில் அண்ணன் பார்த்தது சமையல் வேலை. என் கணவர் தபால் கந்தோரில் எழுதுவினைஞர். இதையும் சொல்லிவிட வேண்டும்.

“மச்சான், ஸ்பானர் எண்டா நட்டைக் கடிக்கப்படா, பிடிக்கணும். ஜெர்மன் சாமான் பிடிக்கும்” என்பார் அண்ணன்.

“கடிச்சா என்ன, பிடிச்சா என்ன? கழண்டாச் சரிதானே. உங்கட ஒரு ஸ்பானர்ர காசுக்கு எனக்கு முழுப் பெட்டியும் வந்திட்டு” என்பார் இவர்.

இதைத் தீர்த்துவைக்கும் வாய்ப்பு என் காருக்கு வாய்த்தது. நான் பள்ளிக்கூடம் போய்வரும் பழைய ஜப்பான் கார் அது. ஹாண்ட் பிரேக் இறுகிப்போய், கையை எடுத்த பிறகும் பின்சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஓடும்போது கருகல் மணம் வந்தது. கராஜில் விடுகிறேன் என்றேன். இருவரும் என்னை ஏதோ துரோகம் செய்தவளைப் போலப் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை, பழுகாமத்தில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் காரை நிறுத்தினார்கள். நிழல் உள்ள இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து நிலம் மெல்லச் சரிந்து வாவியில் இறங்குகிறது. தள்ளிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கியரை நியூட்ரலில் விட்டார்கள். ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லும் அண்டக் கொடுத்தார்கள். அதுவரை எல்லாம் புத்தியோடுதான் நடந்தது.

தளர்த்த வேண்டியது ஹாண்ட் பிரேக் கம்பியை இறுக்கும் நட்டு. அது முன் இருக்கைகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே இருந்தது. என் கணவர் பின் இருக்கையில் ஏறி, முன்னால் குனிந்து, சீனத்து ஸ்பானரைக் கொடுத்து இழுத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் வாய்தான் கொட்டாவி விடுவதுபோல விரிந்தது.

“இது பழகின நட்டில்ல” என்றார்.

காரோடு வந்த ஜப்பான் ஸ்பானரையும் கொடுத்துப் பார்த்தார். அது நட்டில் அச்சாகப் பொருந்தியது. ஆனால் சுண்டுவிரல் நீளம்தான், பலம் போட இடமில்லை.

“இறங்குங்க மச்சான்” என்று அண்ணன் ஏறினார். ஜெர்மன் ஸ்பானரைத் துணியால் துடைத்து, எங்கள் இருவருக்கும் காட்டிவிட்டு, நட்டில் வைத்தார். பொருந்தியது. ஆனால் நட்டு திரும்பவில்லை. “ஒரு தட்டுத் தட்டினாக் கிறுகும். சுத்தியலைத் தாங்க.”

தன் சாமானுக்கும் வேலை வந்த சந்தோஷத்தில் என் கணவர் சுத்தியலை எடுத்து, கை பழக்க வெளியே ஒருமுறை ஓங்கினார். தலை கழன்று பறந்து வாவிக்குள் விழுந்தது. கையில் பிடி மட்டும் மிஞ்சியது.

“அப்ப ஒரு கல்லாவது தாங்க” என்றார் அண்ணன்.

வளவில் கல்லுக்குப் பஞ்சம். என் கணவர் சுற்றிப் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணுக்குப் பட்ட ஒரே கல்லைச் சக்கரத்துக்குக் கீழிருந்து உருவிக் கொடுத்தார். நான் “இஞ்சேருங்க, அந்தக் கல்லு…” என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

நட்டு வெண்ணெய் போலக் கழன்றது.

“பாத்தியா புள்ள, ஜெர்மன்!” என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கும் முன்பே கார் புறப்பட்டுவிட்டது.

வேகம் ஒன்றும் இல்லை. ஊர்வலத்தில் சுவாமி போவது போல அமைதியாகப் போனது. பின் இருக்கையில் இருந்தவருக்குக் கால் பிரேக் எட்டவில்லை. என் கணவர் பின்னால் பிடித்து இழுத்தபடி, சறுக்கிக்கொண்டே கூடப் போனார். “மச்சான், இறுக்குங்க! திரும்ப இறுக்குங்க!” என்று கத்தினார். அண்ணனும் உண்மையிலேயே குனிந்து இறுக்கிக்கொண்டிருந்தார். கார் முழங்கால் அளவு தண்ணீரில் போய், சேற்றில் குந்தி நின்றது.

பக்கத்தில் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த இருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கழுவவா இறக்கின?” என்று ஒருவர் கேட்டார்.

“ஓம்” என்றார் அண்ணன், ஸ்பானரும் கையுமாக.

அவர்களும் சேர்ந்து தள்ளித்தான் கார் கரை ஏறியது. நான் சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் கார்தான் என்பது கொஞ்சம் பிந்தித்தான் நினைவுக்கு வந்தது.

அன்று மத்தியானச் சோற்றோடு வழக்கு மறுபடி எழுந்தது. நட்டைக் கழற்றியது எது என்று அண்ணன் கேட்டார். காரை வாவியில் விட்டது எது என்று என் கணவர் கேட்டார். “என்ர ஸ்பானர் ஆருக்கும் ஒரு கரைச்சலும் குடுக்கல்லியே” என்று நெஞ்சை நிமிர்த்தினார். நான் இருவருக்கும் மீன் குழம்பை ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை காரை கராஜில் விட்டேன்.

ஹாண்ட் பிரேக் இப்போது நன்றாக இருக்கிறது. வாவி மணம்தான் போகவில்லை. தரைவிரிப்புக்குள் எங்கேயோ குட்டி இறால்கள் ஒளிந்து மாண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் காரை நிறுத்தியதும் அயலிலுள்ள பூனைகளெல்லாம் மரியாதையாக வந்து சுற்றி உட்காருகின்றன.