நல்ல பால்மாவையும் கிழித்துக் கொட்டிய கடை

இன்று வெள்ளவத்தையில் நான் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில், ஊழியர்கள் இருவர் பால்மா பக்கற்றுகளைக் கத்தியால் கிழித்துக் குப்பைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

முகாமையாளரிடம் ஏனென்று கேட்டேன்.

"ஒரு பட்ச், ஒரே தரத்தில செய்த பக்கற்றுகள், பழுதாம் அக்கா. விக்க வேண்டாமெண்டு கம்பனி சொல்லிட்டுது."

"ஒரு பட்ச் எண்டால் ஏன் எல்லாத்தையும் கிழிக்கிறீங்கள்?"

"கம்பனி தாற பட்ச் நம்பர் எங்கட சிஸ்டத்தில இல்லை. ஸ்கேன் பண்ணினால் எல்லாம் ஒண்டு எண்டுதான் காட்டும்."

"பக்கற்றில நம்பர் அடிச்சிருக்குத்தானே? பார்த்துப் பிரிக்கலாமே!"

"பிரிச்சாலும் மெஷின் பில் போடாது அக்கா. இந்தப் பால்மா முழுதையும் சிஸ்டத்தில நிப்பாட்டியாச்சு."

எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்ற பெண், "நல்லதில ஒண்டை எனக்குத் தாங்கோவன்" என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கற் கிழிந்தது.

கடை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை.

தொழிற்சாலை எழுதும் இலக்கத்தைக் கடையின் இயந்திரமும் வாசித்திருந்தால், பழுதானது மட்டும் குப்பைக்குப் போயிருக்கும். தொழிற்சாலையும் கடையும் ஒரே முறையில் எழுதுவதற்கு இவ்வளவு கஷ்டமா?

வெளியே வந்தால் வாசலில் பெரிய பலகை: "பூமியைக் காப்போம். துணிப்பை கொண்டு வாருங்கள்."

உங்கள் பக்கத்துக் கடைகளும் இப்படித்தான் பூமியைக் காக்கின்றனவா?